ஸ்பூன் நெம்பும்... பழைய செயின் பிடிக்கும்!

உங்க ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டை என்னைக்காவது நின்னு நிதானமாப் பார்த்திருக்கீங்களா? முன் வரிசையில் நாலைந்து சைக்கிள் பளபளன்னு நிற்கும். அதுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க... அப்படியே கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டு! டயர் தரையோட ஒட்டிப்போனது ஒண்ணு, செயின் நாக்குத் தொங்குற மாதிரி தொங்குறது ஒண்ணு, ஒத்தைப் பெடலோட நொண்டியா நிற்கிறது ஒண்ணு. சீட்டில் காக்கா எச்சம், ஹேண்டில்பாரில் சிலந்தி வலை. ஃபர்ஸ்ட் இயரில் அப்பா ஆசையா வாங்கிக் கொடுத்ததா இருக்கும். இல்லேன்னா ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள், ஊரிலிருந்து பஸ் கூரையில் ஏறி வந்ததா இருக்கும்.

கிட்டப் போய் பார்த்தால் பெரும்பாலானதுக்கு வியாதி ரொம்பச் சின்னது. ஒரு முள். ஒரு லூஸான கோன். தேய்ஞ்சுபோன செயின். அப்புறம் ஏன் சைக்கிள் செத்துக் கிடக்குது?

காரணம் இதுதான். கறுப்பு சைக்கிள் காலத்தில் ஊர் முக்கு சைக்கிள் கடை அண்ணனுக்குத் தெரியாத சைக்கிளே கிடையாது. ஒரு சுத்தியல், ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், இதை வச்சே முழு சைக்கிளையும் கழட்டி மாட்டிடுவார். கியர் சைக்கிள் வந்தது. கேசட், லாக் ரிங், சீல்டு பாட்டம் பிராக்கெட்னு ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒவ்வொரு தனி டூல். நம்ம சைக்கிளைக் கொண்டு போய் நிறுத்தினா அண்ணன் ஒரு பார்வை பார்ப்பார். “இதுக்குத் தனி சாமானம் வேணும் கண்ணு... டவுனுக்குக் கொண்டு போயிரு.” டவுன் கடையில் சொல்ற கூலியைக் கேட்டா மாசக் கடைசியில் மெஸ் பில் ஞாபகம் வரும். சரி, டூலையே வாங்கிடலாம்னு பார்த்தா, வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படுற ஒரு இரும்புத் துண்டுக்கு ஆயிரக்கணக்கில் விலை. ‘அப்புறம் பார்த்துக்கலாம் மச்சி’ன்னு ஸ்டாண்டில் சாய்ச்சு வச்சோம்னா முடிஞ்சது கதை.

ஆனா பாஸ், நாம இருக்கிறது எந்த ஊரில்? கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைஞ்சாலும் லேத் ஓடுற சத்தம் கேட்குற ஊரில்! பம்பு, மோட்டார், கிரைண்டர்னு ஊரே இரும்பைத் தின்னு வளர்ந்தது. இங்கே ஒரு பட்டறைக்காரர், ‘இந்த வேலைக்குத் தனி டூல் வேணுமே’ன்னு யோசிச்சா அடுத்து கடைக்குப் போக மாட்டார். மூலையில் கிடக்கிற மிச்ச இரும்பைத்தான் புரட்டுவார். நாம ‘ஜிக்ஸ் அண்டு ஃபிக்ஸ்சர்ஸ்’னு படம் போட்டு மார்க் வாங்கிட்டு எக்ஸாம் ஹால் வாசலிலேயே மறந்துடுற மேட்டரை, அவங்க தினமும் காலையில் ஒண்ணு செய்யுறாங்க.

இந்த ஊர்ப் புத்திக்கு அடையாளமா எல்லோரும் சொல்ற ஆள் ஜி.டி.நாயுடு (1893–1974). இளைஞரா இருந்தப்போ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, கோயமுத்தூர் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தவா போனார்? அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் போட்டு, திரும்ப மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்ட ஆரம்பிச்சதும், பின்னாடி மோட்டாரும் ரேஸரும் செஞ்சதும் அதுக்கப்புறம் வந்த கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். டூல்னா என்ன? ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட திசையில், வேற எதையும் கெடுக்காம விசையைக் கொண்டு சேர்க்கிற சாமானம். அவ்வளவுதான். அந்த டூல் எங்கே பிடிக்குது, எந்தப் பக்கம் தள்ளுதுன்னு புரிஞ்சிட்டா, அதே வேலையை வேற எது செய்யும்னு கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும். புரியாம சுத்தியலைத் தூக்கினா சைக்கிள் காலி!

முதல்ல பஞ்சர்

எல்லோருக்கும் வர்ற வியாதியில் ஆரம்பிப்போம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பசங்களுக்குத் தெரியும். கொரங்காட்டுக்குக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம். ரெண்டுமே முள்ளு. அந்த இட்டேரியில் சைக்கிள் ஓட்டிட்டு பஞ்சர் ஆகலைன்னாதான் அதிசயம்.

டயரைக் கழட்ட கடையில் டயர் லீவர்னு விக்கிறாங்க. மெஸ் ஸ்பூனே போதும், தலைகீழா பிடிச்சா! வளைஞ்ச காம்பு முனையை டயர் விளிம்புக்கு அடியில் விட்டு நெம்பணும். முனை கூரா இருந்தா அரம் போட்டு மழுக்கிடுங்க, இல்லேன்னா ஒரு பஞ்சரை ஒட்டப் போய் ரெண்டு பஞ்சர் ஆயிடும். பலமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனா பாருங்க. தகடு மாதிரி இருக்கிறது வளைஞ்சு உங்க மானத்தை வாங்கிடும். அலுமினிய ரிம்மா இருந்தா ஸ்பூனுக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய டியூப் துண்டு ஒண்ணு வைங்க, கீறல் விழாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ரிம்மோட குறுக்குவெட்டைப் பாருங்க, நடுவில் பள்ளமா இருக்கும். டயரோட விளிம்புக் கம்பி நீளாது. ஆனா ஒரு பக்கம் அதை அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டா, எதிர்ப்பக்கம் அவ்வளவுக்கு லூஸ் கிடைக்கும். வால்வு இருக்கிற இடத்தில் மட்டும் வால்வு மறிக்கிறதால் பள்ளத்தில் இறங்காது. அதனால நெம்புறதை வால்வு பக்கத்தில் ஆரம்பிக்கணும். மாட்டும்போது கடைசியா முடிக்கிறதும் வால்வு கிட்டதான். இது தெரிஞ்சா நிறைய டயரை வெறும் கட்டை விரலாலேயே கழட்டி மாட்டலாம், ஸ்பூன்கூட வேண்டாம்!

முள்ளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பஞ்சை எடுத்து டயருக்கு உள்பக்கம் ஒரு சுத்து தேய்ச்சுட்டு வாங்க. முனை எங்கே நீட்டிட்டு இருக்கோ அங்கே பஞ்சு மாட்டிக்கும். விரலை விட்டுத் தேடினா ரத்தம்தான் வரும். டியூபைச் சுரண்ட உப்புத்தாள் இல்லேன்னா உடைஞ்ச ஹாக்சா பிளேடு. சொல்யூஷன் தடவினதும் உடனே ஒட்டாதீங்க. தொட்டா ஒட்டியும் ஒட்டாத மாதிரி காயணும், அஞ்சு நிமிஷமாவது விடுங்க. அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டின பேட்ச் பேரூர் தாண்டறதுக்குள்ள கழண்டுக்கும். பழைய டியூபை வெட்டி ஒட்டுறது நம்ம ஊர்ப் பழக்கம்தான், இயற்கை ரப்பர் டியூபுக்கு நல்லாவே பிடிக்கும். இப்போ நிறைய டியூப் பியூட்டைல். அதுக்கு ரெடிமேட் பேட்ச்தான் சரி. பத்து ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செயின் தேய்ஞ்சதா? ஸ்டீல் ஸ்கேல் சொல்லும்

செயின் தேய்மானத்தை அளக்க ‘செயின் செக்கர்’னு ஒரு கேஜ் இருக்கு. அது செய்யுற வேலையை உங்க ஒர்க்‌ஷாப் லேப் ஸ்டீல் ஸ்கேலே செய்யும். கணக்கைப் பாருங்க. சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். கறுப்பு சைக்கிளோ, கியர் சைக்கிளோ, இந்த அளவு மாறாது. அப்போ 24 இடைவெளிக்கு சரியா 12 இன்ச். ஸ்கேலோட பூஜ்யத்தை ஒரு பின்னோட நடு மையத்தில் வைங்க. 12 இன்ச் கோட்டில் இன்னொரு பின்னோட மையம் நச்சுனு உட்காரணும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தள்ளிப் போயிருந்தா கியர் செயினை மாத்துற நேரம் வந்தாச்சு. எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தா செயின் மட்டுமில்லை, பின்னாடி பல் சக்கரமும் கூடவே தேய்ஞ்சிருக்கும். புது செயின் போட்டாலும் மிதிக்கும்போது துள்ளும். ‘செயின் நீளுது’ன்னு சொல்றோம், நிஜத்தில் இரும்பு ஒண்ணும் இழுபடறதில்லை. ஒவ்வொரு பின்னும் தேய்ஞ்சு, அத்தனை சின்னச் சின்ன இடைவெளியும் சேர்ந்துதான் அந்த நீளம்.

செயினைக் கழட்டறது? சிங்கிள் ஸ்பீடு சைக்கிளுக்கு டூலே வேண்டாம். செயினில் ஒரு இடத்தில் மீன் மாதிரி ஒரு கிளிப் லாக் இருக்கும், கட்டிங் பிளேயரால் தள்ளினா கழண்டுடும். திரும்பப் போடும்போது மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். பிளவு முன்னாடி இருந்தா எங்காவது உரசிக் கழண்டு, ரோட்டில் உங்களைத் தவிக்க விடும்.

கியர் செயினில் நிறைய இப்போ ‘குவிக் லிங்க்’கோட வருது. அதைத் திறக்கத் தனி பிளேயர் விக்கிறாங்க. ஷூ லேஸ் போதும்! குவிக் லிங்க்கோட ரெண்டு பக்க ரோலர்களையும் லேஸ் வளையம் சுத்திப் பிடிக்கிற மாதிரி கோர்த்து, ரெண்டு முனையையும் இழுத்தா, ரோலர்கள் ஒண்ணை நோக்கி ஒண்ணு நகர்ந்து லாக் ‘டக்’னு திறந்துக்கும். அழுக்கு ஏறி இறுகியிருந்தா லேஸுக்குப் பதிலா பழைய பிரேக் கேபிள். அந்த நேரத்தில் செயின் சுருட்டிக்கிட்டு ஓடாம இருக்க, உடைஞ்ச போக்ஸ் கம்பியை ‘ட’னா மாதிரி வளைச்சு ரெண்டு முனையிலும் கொக்கி போட்டு, செயினோட ரெண்டு பக்கமும் மாட்டிடுங்க. இது மட்டும் ஒரு மூணாவது கை!

பின்னை அடிச்சு எடுக்கிறதுக்குக் கடை அண்ணன்கள் ஒரு வழி வச்சிருக்காங்க. செயினுக்கு அடியில் ஒரு நட்டு, மேலே முனை மழுக்கின ஆணி, ஒரே தட்டு. பழைய தடி செயினுக்கு இது ஓகே. 8, 9 ஸ்பீடுக்கு மேல இருக்கிற மெல்லிசு செயினில் இதைச் செஞ்சு அதே பின்னைத் திரும்ப அடிச்சு ஏத்தாதீங்க. அந்த பின் முனையைத் தொழிற்சாலையில் விரிச்சு விட்டிருப்பாங்க. ஒருமுறை வெளியே வந்தா அந்தப் பிடி போயிடும். மருதமலை ரோட்டில் எழுந்து நின்னு மிதிக்கும்போது செயின் அறுந்தா, முட்டி நேரா ஹேண்டில்பார் மேல. பின்னைத் தள்ளியே ஆகணும்னா சில நூறு ரூபாய்க்குச் சாதாரண செயின் கட்டர் கிடைக்கும், அதை வாங்கிக்கங்க. ஹாஸ்டலுக்கே ஒண்ணு போதும்.

நம்ம பட்டறை ஸ்பெஷல்: செயின் விப்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு டூலைத்தான் நீங்க செய்யப் போறீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும். பின் சக்கரத்து கேசட்டைக் கழட்டணும்னா லாக் ரிங்கைத் திருகணும். திருகினா கேசட்டும் கூடவே சுத்தும், ஏன்னா அந்தத் திசையில் அது ஃப்ரீவீல். அதனால பல் சக்கரத்தை ஒரு கையால் பிடிச்சு நிறுத்தணும். கையால் முடியாது, அதுக்குத்தான் செயின் விப்.

ஏன் முடியாது? லாக் ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கியிருப்பாங்க. 16 பல் சக்கரத்தோட ஆரம் சுமார் 32 மில்லிமீட்டர். 40-ஐ 0.032-ஆல் வகுங்க... 1,250 நியூட்டன்! அதாவது கிட்டத்தட்ட 127 கிலோ இழுவை. ரெண்டு பேர் தொங்குற கணக்கு. துணியைச் சுத்திப் பிடிச்சா துணி கிழியும், விரலும் போகும். ஆனா சைக்கிள் செயினுக்கு இந்த எடையெல்லாம் ஜுஜுபி. சரி, கைப்பிடி 30 சென்டிமீட்டர் இருந்தா உங்க கைக்கு வர்றது எவ்வளவு? 40-ஐ 0.3-ஆல் வகுத்தா 133 நியூட்டன், பதிமூணு, பதிமூணரை கிலோ. ஒரு குடம் தண்ணி தூக்குற அளவுதான். லீவர் தத்துவத்தைப் புத்தகத்தில் படிச்சப்போ வராத சந்தோஷம் இதில் வரும், நிஜமாத்தான் சொல்றேன்.

செய்முறைக்கு வேண்டியது ரெண்டே பொருள். கேட்டு, கிரில் செய்யுற வெல்டிங் பட்டறையில் வெட்டு மிச்சமா விழுந்து கிடக்கிற எம்.எஸ். ஃபிளாட் (25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றே கால் அடி நீளம்). அப்புறம், கறுப்பு சைக்கிளோட பழைய செயின், ஒன்றரை அடி. 3 மில்லிமீட்டர்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அந்தச் செயினோட வெளித்தகடு ரெண்டுக்கும் நடுவே ஃபிளாட் நுழையணும், தடிமன் கூடினா உள்ளே போகாது.

ஃபிளாட்டோட ஒரு முனையில், ஓரத்திலிருந்து ஒரு 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி 4 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க. செயினோட கடைசி வெளித்தகடு ரெண்டும் ஃபிளாட்டோட ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி சொருகி, செயின் பின்னையே அந்த ஓட்டை வழியா அடிச்சு ரிவிட் பண்ணிடுங்க. இது நீளமான வால், பத்து இன்ச் இருந்தா தாராளம். அந்த முனையிலிருந்து ஒரு விரல் நீளம் உள்ளே தள்ளி, ஃபிளாட்டோட ஓரமா இன்னொரு ஓட்டை போட்டு, அதில் மூணு நாலு கண்ணி உள்ள சின்னத் துண்டைக் கோருங்க. சின்னத் துண்டு பல்லில் கடிக்கும், நீளமான வால் சக்கரத்தைச் சுத்திப் பிடிக்கும். அரம் போட்டு பிசிரை எடுத்துட்டு, பிடிக்கிற இடத்தில் பழைய டியூபைச் சுத்திட்டா முடிஞ்சது. ட்ரில் போடக் காலேஜ் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரை நல்ல மூட்ல இருக்கும்போது கேளுங்க. ஃபிட்டிங் லேபில் ‘வி’ ஃபிட்டிங் ராவினது வீண் போகலை!

ஒரு பாதி மட்டும் வீட்டில் வராது. லாக் ரிங் உள்ளே நுழையற பல்லு வச்ச சாக்கெட்டை லேத்தில் கடைஞ்சு, பல் வெட்டி, ஹார்டன் பண்ணி... அந்த மெனக்கெடலுக்கு வாங்கிடறதே மலிவு. எதைச் செய்யலாம், எதை வாங்கலாம்னு கணக்குப் போடறதும் இன்ஜினீயரிங்தானே.

கோட்டமும் கோனும்

ரிம் கோட்டம் எடுக்கறதுக்கு ‘ட்ரூயிங் ஸ்டாண்டு’ தேவையே இல்லை. சைக்கிளைத் தலைகீழா கவிழ்த்துப் போட்டா அதுவே ஸ்டாண்டு. ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, ரிம்மைத் தொட்டும் தொடாம இருக்கிற மாதிரி முனையை வெட்டிவிடுங்க. சக்கரத்தைச் சுத்தினா எங்கே உரசுதோ அங்கே கோட்டம். கடை அண்ணன்கள் இதையே ஒரு சாக்பீஸை அசையாம பிடிச்சுக்கிட்டு செய்வாங்க; ரிம்மில் எங்கே கோடு விழுதோ அங்கே வேலை. ரிம் வலது பக்கம் போனா இடது பக்கப் போக்ஸ் நிப்பிளைக் கால் சுத்து இறுக்கணும், வலது பக்கத்தைக் கால் சுத்து தளர்த்தணும். டயர் பக்கத்திலிருந்து பார்த்தா கடிகாரச் சுத்து, இறுகும். கால் சுத்துதான்! ஆர்வத்தில் ஒரே இடத்தில் ரெண்டு சுத்து திருகினா, ரிம் எட்டு மாதிரி ஆகும்.

போக்ஸ் கம்பியை விரலால் மீட்டிப் பாருங்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசணும். ‘தொப்’புன்னு சத்தம் வர்றது லூஸு. இதைவிட மலிவான டென்ஷன் மீட்டர் உலகத்தில் கிடையாது. போக்ஸ் கீயை மட்டும் சொந்தமா செய்யாதீங்க. நிப்பிள் சைஸுக்குச் சரியா உட்காரலைன்னா அதோட நாலு மூலையும் உருண்டு போயிடும், அப்புறம் யாராலும் திருக முடியாது. கீ ஒண்ணும் சொத்து விலை இல்லை.

சக்கரம் ஆடுதா? கோன் லூஸ். அதுக்கான ஸ்பேனர் மெல்லிசா இருக்கணும், ஏன்னா கோனுக்கும் லாக் நட்டுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம். நம்ம ஊர் சைக்கிளோட கொடுப்பாங்களே, தகட்டில் வெட்டின பல ஓட்டை ஸ்பேனர், அதை எங்கே போட்டீங்க? தேடுங்க. பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும் மெல்லிசா இருக்கிறதால் நிறைய கோனுக்கு அதுவே உட்காரும். இல்லேன்னா மலிவான ஸ்பேனர் ஒண்ணை கிரைண்டிங் வீலில் ரெண்டு பக்கமும் தேய்ச்சு மெல்லிசாக்கலாம். நடுநடுவே தண்ணியில் முக்கணும். நிறம் நீலமாச்சுன்னா இரும்போட கடினம் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் வாய் விரிஞ்சுக்கும். ஒரே ஒரு அட்வைஸ்: கண்ணாடி போடாம கிரைண்டர் பக்கம் போகாதீங்க.

காட்டர் பின்னும் ஒரு அமெரிக்கத் தாடிக்காரரும்

பொள்ளாச்சி ரோட்டில் இளநீர்க் குலையை ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு ஒரு கறுப்பு சைக்கிள் போகும், பார்த்திருப்பீங்க. அந்த வகை சைக்கிளில் மிதி கட்டையை அச்சோட சேர்த்துப் பிடிக்கிறது காட்டர் பின். ஆப்பு மாதிரி சரிவா செதுக்கின ஒரு சின்ன இரும்பு. அதை வெளியே எடுக்கத் தனி பிரஸ் உண்டு, ஆனா நம்ம பக்கம் அதைப் பார்த்தவங்க குறைச்சல்தான். எல்லாம் சுத்தியல்தான்.

சுத்தியலிலும் ஒரு முறை இருக்கு. சும்மா அடிச்சா அடியோட வேகம் பாட்டம் பிராக்கெட் பால்ஸுக்குப் போய் கப்பில் குழி விழும். அதனால, ஒரு ஜி.ஐ. பைப்பைத் தரையிலிருந்து கிராங்க் வரைக்கும் சரியான உயரத்துக்கு வெட்டி, பின்னோட தலை பைப்புக்குள்ளே வர்ற மாதிரி முட்டுக் கொடுக்கணும். அடி நேரா பைப் வழியா தரைக்குப் போயிடும். பின்னோட மரையைக் காப்பாத்த நட்டைக் கழட்டாம, முனைக்குச் சமமா நிறுத்தி, மேலே ஒரு பித்தளைத் துண்டு வச்சு ஒரே அடி. தட்டித் தட்டி கொஞ்சினா பின் வளையும். இன்னும் நாசூக்கா வேணும்னா கனமான ‘ஜி’ கிளாம்ப் எடுத்து, ஒரு பக்கம் பின்னோட தலை நுழையற அளவுக்குப் பெரிய நட்டு வச்சு முறுக்கினா, அதுவே காட்டர் பிரஸ்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஷெல்டன் பிரவுன்னு ஒரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார். 1944-ல் பிறந்து 2008-ல் இறந்தார். தாடியும், கழுகு பொம்மை வச்ச ஹெல்மெட்டுமா இருப்பார். தனக்குத் தெரிஞ்ச அத்தனை ரிப்பேர் வித்தையையும் ஒளிக்காம எழுதி வச்சுட்டுப் போனார். அதில் ஒண்ணு, பாட்டம் பிராக்கெட்டோட வலது பக்க ஃபிக்ஸட் கப்பைக் கழட்டறது. மெக்கானிக்குகளுக்கே எரிச்சல் வரவைக்கிற வேலை. கப் மெல்லிசு, ஸ்பேனர் வழுக்கும். அவர் சொன்ன வழி: ஹார்டுவேர் கடையில் 5/8 இன்ச் போல்ட், நட்டு, சில வாஷர். கப்போட நடு ஓட்டை வழியா போல்டை விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வச்சு கப்பை நசுக்கிப் பிடிக்கிற மாதிரி இறுக்கு, இறுக்கிக்கிட்டே போ. அழகு எங்கே இருக்குன்னா, நம்ம ஊரிலும் பரவலா இருக்கிற பிரிட்டிஷ் மரையில் வலது கப் இடது மரை. கடிகாரச் சுத்தில் திருப்பினாதான் கழலும். நீங்க போல்டை இறுக்குற திசையும் அதுவே! இறுக்க இறுக்கப் பிடிப்பு கூடும், ஒரு கட்டத்தில் கப்பே அசைஞ்சு கொடுத்துடும். இதைப் படிச்சப்போ எனக்கு விசில் அடிக்கணும்போல இருந்தது.

இடது பெடலும் அப்படித்தான், இடது மரை. தெரியாம எதிர்ப்பக்கம் முறுக்கி இன்னும் இறுக்கிடாதீங்க. துருப்பிடிச்சு அசையலைன்னா ஸ்பேனர் வாலில் பழைய சீட் பைப்பைச் சொருகி நீளத்தைக் கூட்டுங்க. ஹெட்செட் கப்பை உள்ளே ஏத்த ஒரு மீட்டர் மரைக் கம்பி, ரெண்டு நட்டு, பெரிய வாஷர் போதும். சுத்தியலால் அடிச்சா கோணலா போகும், முறுக்கினா நேரா இறங்கும்.

இங்கே மட்டும் வேண்டாம்

கிராங்க் புல்லருக்கு மாற்று இருக்குன்னு யாராவது பீலா விட்டா நம்பாதீங்க. போல்டை எடுத்துட்டு அப்படியே மிதிச்சு ஓட்டினா கிராங்க் தானா கழலும்னு ஒரு வைத்தியம் உலாவுது. கழலும், உண்மைதான். அதோட சதுர ஓட்டையும் விரிஞ்சு, கிராங்க் குப்பைக்குப் போகும். ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாத்தி ஊத்தறதும் வேண்டாம். சில கம்பெனி மினரல் ஆயில், சில கம்பெனி டாட் ஃப்ளூயிட், ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு போட்டா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் கெட்டுப் போயிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்த டூல் குறைஞ்சாலும் இறங்கித் தள்ளிக்கலாம். இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா? ஆகவே பிரேக் கேபிளில் ஒரே ஒரு நூல் அறுந்திருந்தாலும் முடிச்சுப் போட்டு ஓட்டாம, புதுசு மாத்துங்க.

அப்புறம் இந்தத் தேங்காய் எண்ணெய்! செயினுக்கு ஊத்தற பழக்கம் நம்ம வீடுகளில் இன்னும் போகலை. வாசனையா இருக்கும், ரெண்டு நாள் சத்தமும் வராது. ஆனா 24 டிகிரிக்குக் கீழே போனா உறைஞ்சிடுற எண்ணெய் அது. மார்கழிக் காலையில் உங்க செயினில் நெய் படிஞ்ச மாதிரி நிற்கும், புழுதியையும் கூட்டிச் சேர்க்கும். தையல் மெஷின் ஆயில் பரவாயில்லை, அடிக்கடி போடணும்.

ஒரு சனிக்கிழமை

தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம், 2005-06-லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிக்கிற எல்லா மாணவ மாணவிகளுக்கும்னு விரிஞ்சது. நம்மில் நிறையப் பேர் அதில் மிதிச்சுத்தான் ப்ளஸ் டூ முடிச்சோம். பஸ் சரியா வராத தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த சைக்கிள் நின்னுபோனா, அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸும் நின்னுபோகும். இத்தனைக்கும் அது சிங்கிள் ஸ்பீடு. கேசட் கிடையாது, ஹைட்ராலிக் கிடையாது. அதுக்கு வர்ற பெரும்பாலான வியாதிக்கும் மருந்து மேலே சொன்னதிலேயே இருக்கு. பஞ்சர், செயின் லூஸ், கோன் ஆட்டம், ரிம் கோட்டம்.

என்.எஸ்.எஸ். கேம்ப்னு ஏழு நாள் கிராமத்துக்குப் போறோமே... ஸ்கூல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கோயில் பக்கம் குப்பை பொறுக்கி, குரூப் போட்டோ எடுத்துட்டு வர்றோம். அடுத்த தடவை அதில் ஒரு நாளை, ஸ்கூல் லீவா இருக்கிற சனிக்கிழமையாப் பார்த்து, சைக்கிளுக்கு ஒதுக்கலாம். ரெண்டு தடி ஸ்பூன், தகட்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், போக்ஸ் கீ, சுத்தியல், கட்டிங் பிளேயர், பைப் முட்டு, பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு, பக்கெட் தண்ணி. அவ்வளவும் ஒரு அரிசிப் பைக்குள்ள அடங்கிடும், பக்கெட்டைத் தவிர. ஆனா நீங்களே எல்லாத்தையும் செஞ்சு கொடுத்துட்டு வந்துடாதீங்க. ஸ்பூனை அந்தப் பிள்ளைங்க கையில் கொடுத்து, நீங்க பக்கத்தில் குத்த வச்சு உட்காருங்க. முக்கு சைக்கிள் கடை அண்ணனையும் கூப்பிடுங்க. அவர் பொழப்பில் கை வைக்கிறோம்னு நினைச்சுடாம, அவரையே வாத்தியாரா நிறுத்துங்க. கோட்டம் எடுக்கிறதில் அவர் கண்ணுக்கு இருக்கிற கூர்மை எந்த ட்ரூயிங் ஸ்டாண்டுக்கும் வராது. பதிலுக்கு அந்த ஷூ லேஸ் வித்தையை அவருக்குக் காட்டிட்டு வாங்க. அடுத்த கியர் சைக்கிளை அவர் டவுனுக்கு அனுப்ப மாட்டார்.

ஹாஸ்டலுக்குச் செஞ்ச செயின் விப்பை மட்டும் பழைய பிரேக் கேபிளால் ஸ்டாண்டுத் தூணோட கட்டி வைங்க. ஆறடி கேபிள் விட்டா எந்த சைக்கிளுக்கும் எட்டும். கட்டலைன்னா செமஸ்டர் முடியறதுக்குள்ள அது எந்த ரூம் கட்டிலுக்கு அடியில் இருக்குன்னு வார்டனுக்கே தெரியாது!